நீரு தக்கிந்தி

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்குக் கிட்னி கெட்டது தெரிந்தபோது நான் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மாடிமேல் மாடி ஏற்றிக்கொண்டிருந்த காலம். ஆந்திரா எல்லையில் நம் ஊர் குடுபல்லியில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் இருக்கமாட்டோம். வாரக்கடைசி ரயிலில்தான் வருவோம்.

அம்மாவுக்குக் காலும் முகமும் வீங்கி, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, வீக்கம் வற்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டாம் தடவை காட்ட நான் கூடப் போனேன். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பிறந்தவள், தெலுங்கு அவ்வளவாக வராது. எனக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் சித்தூர் தாண்டும்போது சொன்னாள். "மாமா, நாலு நாளா நீரு சரியா போவல. சொட்டு சொட்டாத்தான் வருது. மறக்காம சொல்லு."

"சொல்றேன்."

"அங்க போயி உன் பெங்களூரு கதைய ஆரம்பிச்சிடாத."

டாக்டர் சின்ன வயசுக்காரர், இன்னும் படித்துக்கொண்டிருந்தவர். வாசலுக்கு வெளியே வரை கூட்டம். அவர் குனிந்து அவள் காலை அழுத்திப் பார்க்கக் கை நீட்டினார். அவள் சட்டென்று இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம் சார், பாவம்." டாக்டர் தன் காலைத் தொடுவதா என்று அவளுக்குக் கூச்சம். அவரும் சிரித்துவிட்டு நிமிர்ந்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீரு தக்கிந்தா?"

நான் அவளிடம் சொன்னேன். "நீரு கொறஞ்சிச்சான்னு கேக்குறாரு."

"அத்தத்தான பஸ்ஸுல சொல்லிக்கினு வந்தேன். கொறஞ்சிடிச்சின்னு சொல்லு."

"தக்கிந்தி சார். பாக தக்கிந்தி." நன்றாகவே குறைந்துவிட்டது என்றேன்.

"மஞ்சிதி", நல்லது என்றார், முகம் மலர. அதே மாத்திரைதான். ரத்தம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஒண்ணுக்கு போவலன்னா சந்தோஷப்படுறாரே மாமா, இன்னா டாக்டரு இவரு?"

"படிச்சவரு. நமக்கு இன்னா தெரியும்?"

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். வாசல் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். மறுநாள் கான்கிரீட் போடுகிற நாள் என்று பஸ்ஸைப் பிடித்தேன்.

மாதம் முடியும் முன்பே மூச்சு வாங்குகிறது என்று தகவல் வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே இருக்கிறாள். திருப்பதிக்குக் கொண்டுபோனபோது நெஞ்சுவரை நீர் ஏறியிருந்தது. சிறுநீர் எப்போது குறைந்தது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் தமிழில் கேட்டார். போன தடவையே சொன்னோமே என்றேன். அவர் பழைய சீட்டைப் புரட்டினார். "வீக்கம் குறைந்தது என்றல்லவா எழுதியிருக்கிறது? நீரு என்று அவர் கேட்டது காலில் கோத்திருந்த நீரை. நீங்கள் சிறுநீரைச் சொல்லியிருக்கிறீர்கள்."

அன்றைக்கே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். முன்பே வந்திருந்தால் கிட்னி பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அது ஏற்கெனவே சுருங்கிவிட்டது, டயாலிசிஸ் சில மாதம் தள்ளிப் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தச் சில மாதத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வாரம் இரண்டு தடவை திருப்பதி. கையில் ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்யும்வரை நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். தாகத்துக்கு அவள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். எனக்குப் பெங்களூரு வேலை போயிற்று.

ஒரு நாள் உங்களில் பெரியவன் அவள் படுக்கை பக்கத்தில் நின்று அந்தச் சின்ன டாக்டரைத் திட்டினான். கண்ணுகூடத் தெரியாதா அவனுக்கு என்றான். அவள் தடுத்தாள். "அந்தப் புள்ளைய திட்டாத. தொட்டுப் பாக்கத்தான் வந்தாரு. நான்தான் கால இழுத்துக்கினேன்."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவள் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பதில் சொன்னவன் நான். புரியாததைப் புரிந்ததாகச் சொன்னவனும் நான்தான். அந்த டாக்டரைப் பற்றி இனி வீட்டில் யாரும் பேச வேண்டாம்.