துண்டுக்கு அடியில் வாங்கிய சிவப்பு வண்டி

அந்தச் சிவப்பு வண்டியின் விலையை ஒரு துண்டுக்கு அடியில் பேசி முடித்தார்கள். ஓட்டப் போகிறவள் நான். வீட்டில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆளும் நான்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுத உட்காரும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து மிளகு வியாபாரம் செய்தார்கள். கடை இருவருடையது, பேச்சு அண்ணனுடையது மட்டும். கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது, அதனால் வண்டி ஓட்ட முடியாது. எங்கள் மகளுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். படிக்கட்டு ஏறத் தேவையில்லாத பள்ளிக்கூடம் பாலத்தைத் தாண்டி எர்ணாகுளத்தில்தான் கிடைத்தது. தினமும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். எங்களைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் கூட்டுவார். தப்பித்தவறி நின்றாலும் கண்டக்டர், "ஸ்தலமில்லா சேச்சி, கேறண்டா" என்று, இடமில்லை ஏறாதே என்று மலையாளத்தில் சொல்லி விசிலடித்துவிடுவான். உள்ளே பாதி சீட் காலியாக இருக்கும், பாவி.

ஒரு மழை நாளில் அவள் படியில் காலை வைத்த நேரம் பார்த்து பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். சேற்றில் விழுந்து எழுந்தவள் அழவில்லை. "இனிமே நான் ஸ்கூலுக்குப் போகலைம்மா" என்றாள். சொன்னபடியே மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நான் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

எங்களுக்கு என்ன மாதிரி வண்டி வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும். கதவு நன்றாகத் திறக்க வேண்டும். பாலத்து நடுவில் படுத்துவிடக் கூடாது. புது வண்டிக்கு எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது, அதற்கு வசதியும் இல்லை. பழையதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். மகள் தன் பங்குக்கு இரண்டு சொன்னாள். கண்ணாடியை முழுக்க இறக்கிக் கையை வெளியே நீட்ட வேண்டும், ஹார்ன் ஊரைக் கூட்ட வேண்டும். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் ஒருநாளும் கிடைத்ததில்லை.

கணவரின் அண்ணனுக்கு வேறு ஆசை. போர்ட் கொச்சியில் கடலைப் பார்த்த வீட்டில் ஒருவர் வண்டி விற்கிறார் என்று எங்களைக் கூட்டிப் போனார். சிவப்பு நிறம். கூரையை மடக்கித் திறக்கலாம். சீட்டுக்குப் புது உறை, தரைக்குப் புதுக் கம்பளம். "பஜார்ல நிறுத்தினா நாலு பேர் திரும்பிப் பாக்கணும்" என்றார். அவர் வண்டி பார்த்த அழகைச் சொல்லியாக வேண்டும். பானட்டைத் தடவினார். உள்ளே தலையை நீட்டி மோந்து பார்த்தார். அவ்வளவுதான். நான் பின்சீட்டுப் பக்கம் போய்க் கம்பளத்தைத் தூக்கக் குனிந்தேன்.

"அவளைச் சும்மா இருக்கச் சொல்லுடா" என்றார் தம்பியிடம்.

எங்கள் வீட்டில் கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. அவர் எனக்குச் சொல்வதும் நான் அவருக்குச் சொல்வதும் கணவர் வழியாகத்தான். கணவரோ வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அண்ணன் தோள் துண்டை எடுத்து வண்டி விற்கிறவர் கையின் மேல் போட்டார். பஜாரில் தரகர்கள் இப்படித்தான் மூடிய துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. துண்டை எடுத்ததும் இருவரும் சிரித்தார்கள். மறுநாள் பணம் கொடுத்து வண்டியை எடுப்பது என்று முடிவாகிவிட்டது.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது?" என்று வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்.

"அண்ணன் கை கொடுத்துட்டாரே" என்றார் கணவர்.

மறுநாள் காலையில் மிளகு மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குப் போய்க் குத்தூசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாக்கின் நடுவில் செருகி மிளகை உருவி எடுக்கும் கூர்மையான இரும்பு அது. மேலே நல்ல சரக்கையும் நடுவில் மண்ணையும் வைத்துத் தைத்து அனுப்புகிறவர்கள் உண்டு என்பதால் இவர்கள் சாக்கின் வாயை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் வண்டிக்கு மட்டும் கம்பளத்தைப் பார்த்து மயங்கினாரே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

போர்ட் கொச்சிக்கு வண்டியை எடுக்கப் போனபோது, அதைப் பார்க்கும் ஆசையில் மகளும் வந்திருந்தாள். அவள் ஏறப் போனபோது தடுத்து நிறுத்தினேன். பின்சீட்டில் அவள் இடது கால் வரும் இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினேன். நமத்துப்போன அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது. கம்பளத்தைப் பிடித்து இழுத்தேன். உப்புக் காற்று தகட்டைத் தின்று தீர்த்திருந்தது. ஓட்டை வழியாகக் கீழே மணல் தெரிந்தது.

"எந்தா சேச்சி ஈ காணிக்குந்நது!" என்று, என்ன இது செய்கிறாய் என்ற கோபத்தில், விற்கிறவர் பாய்ந்து வந்தார்.

"ஒரு தகடு வச்சு வெல்டு பண்ணிக்கலாம்னு சொல்லுடா" என்றார் அண்ணன். "துண்டுக்கு அடியில கை கொடுத்தாச்சு. இனி மாறினா பஜார்ல நான் தலை காட்ட முடியாது."

அன்றுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "சாக்கு வாயைப் பாத்து மிளகு வாங்குவீங்களா நீங்க? இது என் பிள்ளை கால் வைக்கிற இடம். உங்க தலை நிமிர்ந்து நிக்க இவ காலைக் கேக்கிறீங்களா?"

கணவர் குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டார். "கொடுத்தது உங்க கை அண்ணே. வண்டியும் உங்களுக்கே இருக்கட்டும்" என்றார். அந்த மனிதர் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் தன் வாக்கைத் தன் காசிலேயே காப்பாற்றிக்கொண்டார். ஓட்ட ஆளில்லாமல் அந்த வண்டி கிட்டங்கி முற்றத்தில் நின்றது. கூரை மடங்கியபடியே மாட்டிக்கொண்டு, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கியபோது நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள்.

நாங்கள் எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் விற்ற சாம்பல் நிற வண்டியை வாங்கினோம். சேலையோடு தெருவில் மல்லாந்து படுத்து, அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெயின்ட் வெளுத்திருந்தது, சீட் கிழிந்திருந்தது. தரை உறுதியாக இருந்தது, கண்ணாடி முழுக்க இறங்கியது. ஹார்ன் அலறியது.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய முதல் நாள், தோப்பும்படி முக்கைத் தாண்டியதும் முன்னால் அதே பஸ், படியில் அதே கண்டக்டர்.

"ஹார்ன் அடிம்மா, விடாதே" என்றாள் மகள்.

நான் கையை எடுக்கவே இல்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனபோது அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அந்தக் கண்டக்டரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"இதில் ஸ்தலமுண்டு சேட்டா, கேறிக்கோ!"