எதற்காகப் போட்ட முடிச்சு

மதினியின் முந்தானையில் எந்நேரமும் முடிச்சு கிடக்கும். ஒரு காரியத்தை மறக்கக் கூடாது என்றால் சேலை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்களின் பழக்கம். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். மதினி அவிழ்த்து நான் பார்த்ததில்லை. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது தேய்த்த மடிப்புடன் தொங்கும் பச்சைக் காட்டன் முந்தானை, சாயங்காலம் வீடு திரும்பும்போது வரிசையாக முடிச்சு விழுந்து சுருங்கியிருக்கும். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் நெருடிக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் நான் போட்டதுதாம்ளா. எது எதுக்குப் போட்டேன்னுதான் தெரியல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மதினி என்று எழுதுகிறேன். வாய்க்கு வருவது மைனிதான். என் அண்ணனின் மனைவி. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன், வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். தூத்துக்குடி வீட்டில் அம்மா, மதினி, அவருடைய ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியையான நான். மதினிக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் வேலை. பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும், மதினி பக்கத்திலேயே நின்றிருப்பார். வண்டிச் சாவி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். நாம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நம் முகத்தில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். "எங்கன பராக்கு பாக்குதா இவ?" என்பாள் அம்மா. பராக்கு என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே எங்கள் வீட்டில் மதினியின் கதையை முடித்திருந்தோம்.

ஆனால் கப்பலின் கட்-ஆஃப் நாளில் மதினியைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். லாரி வந்து சேராது, கஸ்டம்ஸில் ஒரு கேள்வி எழும், ஆபீசே கையைப் பிசையும். மதினி மட்டும் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து, மூன்று பேர் வேலையை முடித்துக்கொடுப்பார். அதுவே அவருக்கு வினையாகவும் ஆனது. "கட்-ஆஃப் அன்னைக்கு முடியுதுல்லா? மத்த நாள்ல மட்டும் என்ன வருது ஒங்களுக்கு? மனசு இல்ல, அவ்வளவுதான்" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர்தான். எங்கள் எல்லோருக்கும் தோன்றியதைத்தான் அவரும் சொன்னார்.

பிறகு அந்த மைனஸ் வந்தது. உறைய வைத்த இறால் ஏற்றிய குளிர்பதனக் கண்டெய்னர். மைனஸ் பதினெட்டு டிகிரியில் வைக்கச் சொல்லி, கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டுக்கு மெயில் அனுப்ப வேண்டும். மதினி பதினெட்டு என்று மட்டும் அனுப்பிவிட்டார். முன்னால் இருக்க வேண்டிய அந்தச் சின்னக் கோடு இல்லை. வெறும் பதினெட்டு என்றால் இறாலுக்கு வெயிலில் வைத்த மாதிரிதான். பிளக் மாட்ட வந்த டெக்னீசியனுக்குச் சந்தேகம் தட்டி, அவர் போன் போட்டுக் கேட்டதால் சரக்கு தப்பியது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கு மதினி என்னையும் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "அனுப்புததுக்கு முந்தி திரும்பத் திரும்பப் பாத்தேம்ளா. பாத்தும் என் கண்ணுல படல. இனி யாரு சொல்லுததுக்கும் முந்தி நானே வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்" என்றார். அந்த வேலையை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்குத் தெரியும். அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போனில் வரும் குட்டி வீடியோக்களில் ஏ.டி.ஹெச்.டி. என்று, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஒரு குறைபாட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் தொலைக்கிறீர்களா, ஆரம்பித்ததை முடிப்பதில்லையா, அப்படியென்றால் உங்களுக்கும் இருக்கலாம் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்வாள். மதினி அதை என்னிடம் காட்டினார். பார்த்தால் எனக்கும் எல்லாம் பொருந்தியது. எனக்கும்தான் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை, ஒரு பக்கம் படிப்பதற்குள் கை போனைத் தேடுகிறது. "அப்ப ரெண்டு பேருமே போவோம், ஒரே பஸ் செலவு" என்றேன். மனநல மருத்துவரிடம் போவதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை. சேலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம்.

மருத்துவர் ஒரு பெண்மணி. என்னிடம் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார். மாலை வகுப்பும் சேர்த்து எடுக்க ஆரம்பித்த பிறகு, படுக்கையிலும் போனோடு கிடந்து, ஒழுங்காகத் தூங்கிய நாளே எனக்கு நினைவில்லை. அதற்கு முன்னால் எப்படி இருந்தீர்கள், சின்ன வயதில் எப்படி என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தேன். லீவில்? லீவில் ஒரு தொல்லையும் இல்லை. "ஒங்க கவனம் களைச்சுப் போயிருக்கு டீச்சர். போனை வெளிய வச்சுட்டுத் தூங்குங்க. அப்பவும் சரியாகலன்னா வாங்க" என்று அனுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

மதினியிடம் அதே கேள்விகளுக்கு வேறு பதில்கள் வந்தன. எப்போதிருந்து என்றால், நினைவு தெரிந்த நாளிலிருந்து. எங்கே என்றால், வீட்டில், ஆபீசில், கோயிலில் பூசை நேரத்தில், பிடித்த படம் ஓடும்போதுகூட. லீவிலும் அப்படித்தான். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்கள். மதினியின் அம்மாவிடம் போனில் விசாரித்தார்கள். ஒரே நாளில் எதையும் சொல்லிவிடவில்லை, மூன்று நான்கு தடவை போக வேண்டியிருந்தது. கட்-ஆஃப் நாள் சமாச்சாரத்தை மதினி தயங்கித் தயங்கிச் சொன்னபோது மருத்துவர் தலையாட்டினார். நெருக்கடி வந்தால் இந்த மனம் தானாகவே முழித்துக்கொள்ளும், சாதாரண நாளில் அதை எழுப்புவதுதான் பாடு, அதில் மனசில்லாமை எதுவும் இல்லை என்றார். "எல்லாருக்கும் மறதி உண்டு. ஒங்களுக்கு இதனால என்ன போச்சு? அதச் சொல்லுங்க" என்று கேட்டார். மதினி முந்தானை முடிச்சை நெருடினார். பிறகு, "நானும் ஒரு உருப்படியான ஆளுங்கிற நெனப்பு எனக்கு வந்ததே இல்ல டாக்டர்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏ.டி.ஹெச்.டி.தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்ட நாள் அது. இனியாவது ஒரு வழி பிறந்ததே என்று எனக்குச் சந்தோஷம். மதினி திடீரென்று, "மூணாங்கிளாஸ்ல பராக்கு பாக்கேன்னு வராந்தால முட்டங்கால் போட வப்பாங்க. நான் வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும், சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளைட்ட இப்ப யாருளா போய்ச் சொல்லுவா?" என்றார். அப்போதுதான் அழுதார்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மடியில், அம்மாவிடம் காட்டுவதற்காக எடுத்த நீலச் சேலை இருந்தது.

மாத்திரை தொடங்கி, அளவு சரியாகச் சில மாதம் பிடித்தது. வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் போய், ஒரு நாளை எப்படிச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்வது என்று பழகினார். மேனேஜரிடம் தானே போய் விஷயத்தைச் சொன்னார். மனுஷர் சங்கடப்பட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இப்போது அந்த ஆபீசில் டிகிரி எழுதிய எந்த மெயிலும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உரக்க வாசித்துக் காட்டாமல் போவதில்லை. "மைனஸ்" என்று சொல்லும் சத்தம் வாசல்வரை கேட்கும் என்று மதினி சொல்வார். சேலைப் பொய் கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்தது. "மாத்திர தின்னா பராக்கு போயிருமாக்கும்" என்று முணுமுணுத்தாள். இருந்தாலும் பால் பொங்கும் நேரத்துக்கு அவளே அடுப்பருகில் வந்து நிற்கிறாள். மறதி அடியோடு போய்விடவில்லை. சாவி இன்னமும் காணாமல் போகிறது. தேடும்போது மதினி தன்னைத்தானே திட்டிக்கொள்வது மட்டும் நின்றிருக்கிறது.

அண்ணன் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன வாரம் வகுப்பில் கவனமில்லை என்று முட்டங்கால் போட வைத்தார்களாம்; முழங்காலில் மண் ஒட்டியபடி வந்தாள். பிள்ளைக்கு இருப்பது அம்மாவுக்கு இருப்பதுதானா, எல்லாப் பிள்ளைக்கும் உள்ள விளையாட்டுத்தனமா என்று எங்களுக்குத் தெரியாது. அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை மதினி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு மகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். முந்தானையில் ஒரே ஒரு முடிச்சு.

"இது எதுக்கு மைனி?"

"டீச்சர்ட்ட பேசணும். பிள்ள வேணும்னு செய்யலன்னு சொல்லணும்."

"இதுக்குப் போயி முடிச்சா? இத மறப்பீங்களா நீங்க?"

"மறக்க மாட்டேம்ளா" என்றார் மதினி. "இது மூணாங்கிளாஸ்ல போட்டது. இன்னைக்குத்தான் அவுக்கப் போறேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.