திருப்பி அடிக்கக் கூடாத பையன்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டைக்கு இரண்டு சட்டம் இருந்தது. சம்பளம் கட்டிப் படிக்கிறவன் அடிதடியில் மாட்டினால் பிரிஃபெக்ட் ஃபாதர் முன்னால் குனிந்து பிரம்படி வாங்குவான், அதோடு சரி. பள்ளிக்குக் கட்டுகிற ஃபீஸைத்தான் அந்தக் காலத்தில் சம்பளம் என்போம். அந்தச் சம்பளத்தை யாரோ ஒரு புண்ணியவான் கட்ட, ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறவன் மாட்டினால் பிரம்பெல்லாம் கிடையாது. ஸ்காலர்ஷிப் போய்விடும். யார் முதலில் அடித்தது என்று விசாரணையும் இல்லை. கை ஓங்கினாயா, நட வீட்டுக்கு.

இந்தச் சட்டம் எங்களைவிடச் சம்பளம் கட்டுகிற பையன்களுக்கு நன்றாகத் தெரியும். அடிப்பதற்கு ஆள் தேடி அவர்கள் அலைய வேண்டியதே இல்லை. மணி அடித்தால் நாங்கள் வரிசையாக நின்றுகொண்டிருப்போம், கோவில் வாசலில் தேங்காய் உடைக்கிற கல் மாதிரி.

நான் ஸ்ரீரங்கத்தில் குதிரை வண்டி ஓட்டும் ஜட்காக்காரர் மகன். ஐம்பதுகளின் நடுவில், திருச்சியில் வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டிவைத்துவிட்டுப் போன அந்தப் பள்ளிக்குள் எங்கள் தெருவிலிருந்து நுழைந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். வண்டி ஸ்டாண்டில் எவனாவது முறை தவறிச் சவாரி ஏற்றினால் அவருடைய வாய் பேசாது, கைதான் பேசும். ஒருத்தனை அறைந்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று. அவர்மேல் கை வைத்தவன் என்று ஸ்ரீரங்கத்தில் ஒருத்தனும் இல்லை. வீட்டிலும் அதே கைதான். குழம்பில் உப்புக் குறைந்தால் அம்மாவுக்கு, நான் குறுக்கே போனால் எனக்கு. அந்த ரத்தம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது? ஏழு வயதிலேயே நான் ஒருத்தன் மண்டையை உடைத்தவன்.

எனக்குச் சம்பளம் கட்டியவர் பெரிய கடை வீதியில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கோவிலில் தாயாரைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வருவார். கார் வாங்குவதற்கு முன்பு அப்பாவின் வண்டியில்தான் சவாரி. ஒரு நாள் அப்பா லகானைப் பிடித்தபடியே கேட்டுவிட்டார். பையன் கணக்கு நன்றாகப் போடுகிறான், படிக்க வைத்தால் பொன்மலை ரயில்வே ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்காருவான் என்று. முதலாளி சரியென்று சொல்லி, ஃபாதரிடம் பேசி, பணமும் கட்டினார். நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சேர்ந்த அன்று அப்பா என் காதைத் திருகிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அடிச்சா வாங்கிக்கோ. திருப்பி அடிச்சேன்னு சேதி வந்துது, நானே கொன்னு கொள்ளிடத்துல போட்டுருவேன்."

சொல்கிறவர் யார் என்று பாருங்கள்.

அங்கே நான் படித்தது கொஞ்சமா? அல்ஜீப்ரா, இங்கிலீஷ் செய்யுள், எந்த தேசத்து ராஜாக்களோ செத்த கதை. சாமியாராகப் போகிற பையன்களுக்கு லத்தீன் தனி. கத்தோலிக்கப் பையன்கள் ஞானோபதேசத்துக்குப் போகும்போது மற்றவர்களை உட்காரவைத்து நீதிபோதனை நடக்கும். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்பதை அங்கேதான் முதலில் கேட்டேன். வீட்டில் ஒப்பித்தபோது அப்பா சோற்றுக் கையோடு சிரித்தார். எவன்டா அவன், நம்ம ஸ்டாண்டுக்கு வந்து சொல்லச் சொல்லு பார்ப்போம் என்றார். அன்றைக்கு அம்மாகூடச் சிரித்தாள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஸ்காலர்ஷிப் பையன்களை எழுப்பி நிறுத்தி, எங்கள் உபகாரிகளுக்காக ஜெபம் சொல்ல வைப்பார்கள். முதலாளி அங்கே தாயார் சன்னதியில் துளசி வாங்கிக்கொண்டிருக்கிற அதே வெள்ளிக்கிழமை, நான் இங்கே அவருக்காகச் சேசுவிடம் கெஞ்சிக்கொண்டிருப்பேன். அதை என் பின் பெஞ்சிலிருந்து முதலாளியின் மகன் கேட்டுக்கொண்டிருப்பான். ஆமாம், அவனும் என் வகுப்புதான். அதுதான் என் தலையெழுத்து.

அவன் ஒல்லிப்பிச்சான். ஊதினால் பறப்பான். ஒரு குத்துக்குத் தாங்க மாட்டான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் அடித்தான். ஜெபம் முடிந்து உட்காரும்போது பெஞ்சில் பேனா முள்ளை நட்டுவைப்பான். தண்ணீர்க் குழாயில் குனிந்தால் பின்மண்டையைப் பிடித்துக் குழாயில் மோதுவான், பல் ஈறெல்லாம் ரத்தமாகும். எங்க அப்பா காசுடா என்பான். ஒரு நாள் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை என் தொடையில் ஏற்றித் திருகினான். நான் இரண்டு கையையும் சேர்த்து முழங்காலுக்கு நடுவில் வைத்து நெரித்துக்கொண்டேன். கொலை செய்கிற வெறி எப்படி இருக்கும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அப்பா காயத்தைப் பார்த்தார். யார் என்று கேட்டார், சொன்னேன். மஞ்சளைக் குழைத்து வைத்து அழுத்தினார், நான் கத்தினேன். வாங்கிக்கோ, இன்னும் ரெண்டு வருஷம் என்றார்.

அந்த ஐப்பசியில் பெரிய மழை. பள்ளி விடுகிற நேரத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு போக அப்பா கேட்டருகே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மழைக்கு ஒதுங்கி நாலைந்து ஜட்காக்காரர்களும் நின்றார்கள். முதலாளி மகன் கூட்டத்தோடு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பையிலிருந்து அதே காம்பஸை எடுத்து, குதிரையின் பின்தொடையில் குத்தினான்.

குதிரைக்கு ஏது ஸ்காலர்ஷிப்? அது எகிறி உதைத்தது. உதை படவில்லை, வண்டிச் சக்கரம் இடித்து அவன் சேற்றில் விழுந்தான். சட்டையெல்லாம் சேறு, முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவனை அழைத்துப்போக முதலாளியின் கார் வந்து நின்றது. இறங்கியவர் மகனைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

அப்பாவின் வலது கையில் சாட்டை இருந்தது. ஜட்காக்காரர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். அவர்களுக்கு அப்பாவைத் தெரியும். எனக்கும் தெரியும். முதலாளி செத்தார் என்றுதான் நினைத்தேன், நினைக்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்பா சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்புத்தான் மொதலாளி."

முதலாளி மறு கன்னத்திலும் அறைந்தார். அப்பா கையை இறக்கவில்லை.

அதற்கப்புறம் நான் என் வசத்தில் இல்லை. அவன்மேல் விழுந்தேன். அந்த வாயில்தான் குத்தினேன், எங்க அப்பா காசுடா என்று சொன்ன வாயில். முன்பல் உடைந்து என் விரல் முட்டியில் ஏறியது, தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் தலையைப் பிடித்து கேட்டுக் கம்பியில் மோதினேன். நிறுத்துடா நிறுத்துடா என்று அப்பா கத்தியது கேட்டது. கேட்டும் மோதினேன். மூன்று பேர் சேர்ந்துதான் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். பிரிஃபெக்ட் ஃபாதர் குடையோடு வந்தார். ரத்தத்தைப் பார்த்தார். நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றார். அவ்வளவுதான், அல்ஜீப்ரா முடிந்தது, பொன்மலை முடிந்தது.

காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச்சாலை தாண்டி, வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவின் இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது. வண்டியை அவிழ்த்தார். குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். அப்புறம் லாயத்துக்குள் என்னை இழுத்துப்போய்ச் சாட்டையால் அடித்தார். முதுகு கிழிந்தது. தடுக்க வந்த அம்மாவுக்கும் விழுந்தது. அவன் வாயில் நான் குத்தியது தப்பென்று எவன் வந்து சொன்னாலும் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவிடம் மட்டும் அதைச் சொல்ல அவர் சாகிறவரை எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் சாட்டையை வீசிவிட்டு வைக்கோலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, என் நினைவில் முதல் தடவையாக அவர் அழுதார்.

"ரெண்டு அறை வாங்குனேனேடா, பாவி. எந்த நாய்கிட்டயும் வாங்காதவன் வாங்குனேனேடா. ரெண்டு வருஷத்துச் சம்பளத்தையும் கட்டியாச்சுன்னு நெனச்சுத்தானேடா கும்பிட்டு நின்னேன்."