பவித்ராவின் நான்கு வரியும் சேகரின் இடைவேளையும்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலைக்கு ஓபரா பார்க்கப் போனேன். சொன்னபோது என் தங்கை, "கிரிவலம் போறேன்னு நேரா சொன்னா இன்னாக்கா?" என்றாள். கிரிவலம் இல்லை. ஜெர்மனியில் ஓர் அரங்கில் நடக்கும் ஓபராவை, அது நடக்கிற அதே நேரத்தில், திருவண்ணாமலையில் ஒரு சினிமா தியேட்டரில் காட்டினார்கள். ஓபரா என்றால் வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கும் மேலைநாட்டு நாடகம். ஆசிரமப் பக்கம் வருடக்கணக்கில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கூடிப் பேசி, தியேட்டர்காரரைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

எனக்கும் ஓபராவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் வேலூரில் கணக்கு டீச்சர். என்னை இழுத்தவள் மல்லிகா. முன்பு என்னோடு வேலை பார்த்து, இப்போது சொந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்கு மாற்றலாகிப் போனவள். அவள் மகள் பவித்ரா கம்ப்யூட்டர் படிக்க ஜெர்மனி போனாள். படித்தாள், வேலைக்கும் போனாள், பிறகு வேலையை விட்டுவிட்டு ஓபராவில் கூட்டத்தோடு நின்று பாடும் குழுவில் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக அவள் அப்பா முருகேசன் அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் தள்ளி நின்று, "சாப்ட்டாளாமா, கேளு" என்பதோடு சரி.

இந்த ஓபராவில்தான் முதல் முறையாகப் பவித்ராவுக்குத் தனியாகப் பாட நான்கு வரி கிடைத்திருந்தது. வேலைக்காரி வேஷம். தொடங்கி ஒரு மணி பத்து நிமிடத்தில் வருவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். "அக்கா, அவரை எப்படியாச்சும் கூட்டினு வந்துடறேன். திரையில கீழே வர்ற இங்கிலீஷ் எழுத்தை நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லணும்" என்றாள் மல்லிகா. நேரடி நிகழ்ச்சி, மறுபடி போட மாட்டார்கள். அந்த மனுஷன் மகள் பாடுவதைப் பார்க்க இந்த ஒரு வாய்ப்புதான்.

நான் எங்கே போனாலும் நிமிடக் கணக்கில் அட்டவணை போடுகிறவள். வேலூரில் மதியம் 12.40க்குப் பேருந்து, 85 கிலோமீட்டர், டிக்கெட் 80 ரூபாய், 3 மணிக்கு இறங்கல், 3.15க்குச் சாப்பாடு, 6 மணிக்குத் தியேட்டர், 6.30க்கு ஓபரா. எல்லாம் எழுதினேன். பௌர்ணமியை மட்டும் பார்க்கவில்லை. இந்த மாவட்டத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, பௌர்ணமி பார்க்காமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஜெர்மன்காரன் நாள் குறித்தான், அவனுக்குத் தெரியாது. எனக்கென்ன கேடு?

பேருந்து வந்து சேர்ந்ததே 4.10க்கு. ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோவுக்கு 200 ரூபாய். ஓட்டுநர் பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல அடைச்சிட்டாங்க மேடம். கூட்டம் ஜாஸ்தி. நடந்துதான் போவணும்."

"எவ்ளோ தூரம்?"

"ஒன்றரை கிலோமீட்டர். கோயிலுக்குத்தானே?"

"இல்லைங்க, தியேட்டருக்கு."

அவர் கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பௌர்ணமிக்கு வந்து சினிமாவா," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

அந்த ஒன்றரை கிலோமீட்டரும் நான் கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டியிருந்தது. மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். எதிரே வந்தால் வழி தெரியாமல் இடமாகச் சுற்றுகிறாள் என்று நினைப்பார்கள். "அம்மா, இப்படிச் சுத்தக் கூடாதும்மா, திரும்புங்க" என்று ஆறு பேர் திருத்தினார்கள். ஓர் அம்மா தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார். அந்தம்மாவின் திருப்திக்காகப் பத்தடி வலமாக நடந்துவிட்டு மறுபடி திரும்பினேன். பட்டினியோடு தியேட்டரை அடைந்தபோது மணி 5.50.

மல்லிகாவும் முருகேசன் அண்ணனும் வாசலிலேயே நின்றார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் ஒரு துணிப்பையோடு இருந்தார். பையில் அவித்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். "வாங்க டீச்சர். ஒரு மணி நேரம் உக்காருவேன், அப்புறம் பஸ்ஸு கூட்டம் ஜாஸ்தியாயிடும், கிளம்பிடுவேன்" என்றார். டிக்கெட் 250 ரூபாய். உள்ளே எண்பது பேர் இருக்கலாம், முக்கால்வாசி வெளிநாட்டுக்காரர்கள்.

சரியாக 6.30க்குத் திரையில் ஜெர்மனி அரங்கம் தெரிந்தது. அங்கே மதியம் இரண்டு மணி. கதையை இரண்டு பக்கம் எழுதிப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அண்ணனுக்கு அது தேவைப்படவே இல்லை. குண்டாக ஒருவர் வந்து தன்னைப் பற்றியே ஐந்து நிமிடம் பாடினார். நான் விளக்க வாயெடுப்பதற்குள், "ராஜா வேஷம். இன்னாரு வந்தேன்னு சொல்றான். நம்ம கூத்துல திரைக்குப் பின்னாடி நின்னு சொல்லுவான், இவன் முன்னாடி வந்து சொல்றான்" என்றார். அடுத்து வந்தவனுக்கு, "இவன் கட்டியக்காரன், பாரு, சிரிக்க வைப்பான்" என்றார். அவன் சிரிக்க வைத்தான். கத்திக்குத்து வாங்கிய ஒருவன் பத்து நிமிடம் பாடியும் சாகவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பாடி முடிக்காம எப்டி சாவான்?" என்றார் அவர். விளக்கம் சொல்லப் போன நான், விளக்கம் கேட்டு வந்தேன். மெதுவாகப் பாடும் இடங்களில் மட்டும் மல்லாட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. முன் வரிசை வெள்ளைக்கார அம்மா திரும்பி முறைத்தார். அண்ணன் பையை நீட்டினார். அந்தம்மா ஒரு கை அள்ளிக்கொண்டார்.

7.35க்கு, கதாநாயகி ஜன்னலோரம் நின்று உச்சத்தில் குரலெடுத்த நொடியில், திரை இருண்டது. 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. பின்னாலேயே நகைக்கடை விளம்பரம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதலில் எழுந்தது நான்தான். மதியம் சாப்பிடவில்லை, போண்டா வாசனை வேறு. என் பின்னால் எண்பது பேரும் எழுந்தார்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்த பழக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களும் எழுந்து வரிசையில் நின்றார்கள். இடைவேளை என்றால் எழ வேண்டும், அவ்வளவுதான். இரண்டு போண்டா 30 ரூபாய். முதல் கடி கடிக்கும்போது முருகேசன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்.

"டீச்சர், மணி என்னா?"

"ஏழு முப்பத்தெட்டு."

"ஒரு மணி பத்து நிமிஷம்னு சொன்னா. ஆறரையோட கூட்டுங்க. நீங்க கணக்கு டீச்சர்தானே?"

போண்டா எனக்குத் தொண்டையில் நின்றது. ஓபரா அங்கே நிற்கவில்லை. நமக்குத்தான் இடைவேளை, ஜெர்மனிக்கு இல்லை. அவர் பின்னால் நானும் மாடிப்படி ஏறினேன்.

படம் ஓட்டும் அறையில் ஆபரேட்டர் சேகர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருட அனுபவம். இங்கிலீஷ் படங்களில் இடைவேளை இருக்காது. எந்த இடத்தில் வெட்டினால் சனம் திரும்பி வரும் என்று பார்த்து இவரே வெட்டுவார். அதில் அவருக்குப் பெருமை. "நல்ல இடம் பாத்துதான் சார் வெட்டினேன். பதினஞ்சு நிமிஷம். விட்ட எடத்துல இருந்து வரும்."

"தம்பி, என் பொண்ணு இப்ப அங்க நின்னுனு பாடறா," என்றார் அண்ணன். "அவளை எப்டிப்பா நிறுத்தி வைப்ப?"

சேகர் டீயைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. எதையோ தட்டினார், எதையோ திருகினார். நகைக்கடை போய் ஜெர்மனி வந்தது.

பவித்ரா மேடையில் நின்றாள். வெள்ளைத் தொப்பி, கையில் தட்டு. முருகேசன் அண்ணன் சுவரில் இருந்த சின்னச் சதுரத் துவாரத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டார். மூன்றாவது வரி, நான்காவது வரி. அவ்வளவுதான், தட்டோடு உள்ளே போய்விட்டாள். அண்ணன் துவாரத்தை விட்டு நகரவில்லை. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு நான் கீழே வந்துவிட்டேன். மல்லிகா மட்டும் இருக்கையை விட்டு எழவே இல்லை, அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது, கையில் போண்டாவோடு.

8.10க்கு ஜெர்மனியில் நிஜமான இடைவேளை விட்டார்கள். சேகர் இந்த முறை எதையும் தொடவில்லை. இருபத்தைந்து நிமிடம் மூடிய சிவப்புத் திரையையே காட்டினார். எழுந்தால் எதையாவது விட்டுவிடுவோமோ என்று எண்பது பேரும் அசையாமல் அந்தத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் மல்லிகாவின் போன் அதிர்ந்தது. பவித்ரா. மல்லிகா காதுக்குக் கொண்டு போவதற்குள் அண்ணன் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். நாங்களும் போனோம். வாசலுக்கு அப்பால் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போனது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பாதிதாம்மா கேட்டேன். இங்க போண்டா போட்டுட்டாங்க. அந்த மொத ரெண்டு வரியை எனக்குப் பாடு."

அவள் பாடினாள். எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் மட்டும் தலையசைத்துக் கேட்டார். பிறகு, "சாப்ட்டியா?" என்றார், நேராக அவளிடமே.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நிகழ்ச்சி எப்போது என்று தியேட்டர் வாசலில் எழுதிப் போடுகிறார்கள். பௌர்ணமியோடு சேர்ந்து வந்தால் மதியமே ஊருக்குள் நுழைந்துவிடுங்கள், தியேட்டருக்குப் போவதை ஆட்டோக்காரரிடம் சொல்லாதீர்கள். ராத்திரி திரும்ப நினைக்காதீர்கள். அன்று வேலூர்ப் பேருந்து கிடைக்காமல் நான் கீழ்பென்னாத்தூரில் மல்லிகா வீட்டில்தான் படுத்தேன். இரண்டரை மணி நேரப் பாட்டைத் தாங்க முடியுமா என்று பயப்பட வேண்டாம். ஒரு ராத்திரி கூத்து பார்த்தவருக்கு இது தூசு.

ஒரு மணி நேரத்தில் கிளம்புவேன் என்ற முருகேசன் அண்ணன் கடைசிப் பாட்டு வரை இருந்தார். போகும்போது மாடி ஏறி, மிச்ச மல்லாட்டையைச் சேகரிடம் கொடுத்தார். "அடுத்த வாட்டி பசிச்சா இதைத் தின்னுப்பா," என்றார், "என் பொண்ணு பாட்டு மேல கை வைக்காத."