கவ்வாத்துக் கத்தியும் ரத்த மாத்திரையும்

எங்கள் வீட்டுக்காரரின் நெஞ்சுப் படபடப்புக்குத் தேத்தண்ணிதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அவரேதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து தேத்தண்ணி குடித்து வளர்ந்த மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் அதைக் கைவிட்டார். லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் சுடுதண்ணி கேட்பார். தேயிலை விஷம் என்று புத்தி வேறு சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ராகலைக்குப் போய்ச் சாராயம் குடித்துவிட்டு வருவதை மட்டும் அவருடைய ஆராய்ச்சி தொடவே இல்லை.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். எதைத் தின்றால் எந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று கவனித்துப் பழகிய கண். திங்கட்கிழமை விடிந்தால் இவருக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியிலேயே உட்கார்ந்துவிடுவார். புதன்கிழமைக்குள் சரியாகிவிடும். அடுத்த திங்கள் மறுபடியும் அதே கதை. இதைச் சொன்னால், திங்கட்கிழமை குளிர் அதிகம் என்பார். குளிருக்கும் கிழமை பார்க்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இழுத்துக்கொண்டு போய் நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஈ.சி.ஜி. பார்த்த டொக்டர் அம்மா சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன, அங்கே ரத்தம் தேங்கி உறையலாம், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்றார். அளவான தேத்தண்ணியைக் குறை சொல்ல வேண்டாம், குடியை விடுங்கள் என்றார். துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதினார். பிறகும் அடங்காவிட்டால் கண்டிக்கு அனுப்பிக் கரண்ட் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கலாம், கம்பியை உள்ளே விட்டுச் சுடுகிற முறையும் இருக்கிறது என்றார். சுடுவது என்றதும் எங்கள் வீரர் கதவைப் பார்த்தார்.

ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரையில் ஒரு சங்கடம். வெட்டுப்பட்டால் ரத்தம் இலேசில் நிற்காது. இவரோ கவ்வாத்துக்காரர், வளைந்த கத்தியால் தேயிலைச் செடியின் தலையைச் சீவுகிறவர். வேறு வேலை கேட்டு வாங்குங்கள் என்றார் டொக்டர். தொழிற்சாலையில் கொழுந்து பரப்பும் வேலை இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது பொம்பளை வேலையாம். இவருடைய வெட்டு சுத்தம் என்று எப்போதோ ஒரு கங்காணி சொல்லிவிட்டார், அந்த ஒரு வார்த்தையை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டியவர் இவர்.

அந்த வாரமே அட்டை கடித்த இடத்தில் மத்தியானம் வரைக்கும் ரத்தம் கசிந்தது. மலையில் கூட வேலை செய்த ஆண்கள் எல்லாம் கூடி, மாத்திரையை நிறுத்து என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அட்டைக் கடியைத் துணி வைத்து அழுத்தலாம், மூளைக்குள் போகிற கட்டியை எதை வைத்து அழுத்துவது என்று இவரிடம் கேட்டேன்.

"ஒனக்குப் புள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடத்தான் தெரியும்" என்றார்.

மாத்திரை அலமாரி மேலே போனது. தீட்டிய கத்தி இடுப்புக்குப் போனது. சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில், மலையில் வரிசையாக வெட்டிக்கொண்டு போகும்போது கத்தி இவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார், விரல்கள் மடங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைக் காம்பரா வாசலில் என்னையும் ஏற்றினார்கள். எங்கேயாவது வெட்டுப்பட்டிருக்கிறதா என்று வழி முழுக்க அவர் உடம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பயமாக இருந்தது, ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. வார்டில் கண்ணைத் திறந்தவர், குழறிய நாக்கால் கேட்ட முதல் கேள்வி, "கத்தி எங்க?"

"அது பத்திரமா இருக்குங்க" என்றேன். "புடிக்கத்தான் கை இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றவில்லை. அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை.