பூந்தமல்லி எலுமிச்சையில் கிறுக்கும் அந்துப்பூச்சி

மலை, அருவி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் போனது ஒரு எலுமிச்சை மரத்தைப் பார்க்க. ஆகஸ்ட்டில் இரண்டு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மும்தாஜ் போன் செய்தாள். "மரத்துல மறுபடியும் எழுத்து வந்துக்கீதுடி. எங்க ஊட்டுக்காரரு ஞாயித்துக்கெழம வெட்டிடலாம்ன்றாரு. கடைசியா ஒரு வாட்டி பாக்கணும்னா வந்துட்டுப் போ." மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மும்தாஜும் நானும் பூந்தமல்லியில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மரம் அவளுடைய அத்தா வைத்தது. என் அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆயுதபூஜைக்கு அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் வைக்கிற பழம் இந்த மரத்திலிருந்துதான் போகும். அத்தா முதல் நாளே பறித்து ஒரு மஞ்சள் பையில் கொடுத்துவிடுவார். பூஜை முடிந்ததும் அதே பை பொரி கடலையோடு அவர்கள் வீட்டுக்குத் திரும்பும். எந்த வருஷமும் தவறியதில்லை. அந்தப் பொரியின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

திருநின்றவூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், கால் மணி நேரம். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், பஸ்கள் நிறைய உண்டு. பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் சாலையோரப் புங்க மரங்களைக் கவனியுங்கள். இலையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதுவும் இலைக்குள் குடியிருக்கும் ஒரு புழுவின் வேலைதான், ஆனால் நம்முடைய பூச்சி அதுவல்ல. நம்மாளுக்கு எலுமிச்சைக் குடும்பம்தான் பிடிக்கும்: எலுமிச்சை, நாரத்தை, வில்வம்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் என் கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கைரேகை பாக்கப் போறீங்களா?" என்றார். "இலைரேகை" என்றேன்.

மரத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கூரை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்த மரம் என் தோள் உயரத்துக்கு நின்றது. எல்லாப் பக்கமும் வெட்டுக்காயம், நுனிகளில் இளந்தளிர். ஒரு தளிர் பாக்கியில்லாமல் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடியிருந்தன.

கண்ணாடி வழியே மும்தாஜுக்கும் காட்டினேன். தாய்ப்பூச்சி இளந்தளிரில், நடுநரம்பை ஒட்டி, சிதறிய பனித்துளி மாதிரி பொட்டாக ஒரு முட்டை வைக்கும். புழு வெளியே தலைகாட்டாமல் நேராக இலைத்தோலுக்கு அடியில் புகுந்து, தின்றுகொண்டே போகும். அது போன வழிதான் அந்த வெள்ளிக் கோடு. நடுவே ஓடும் கறுப்பு இழை அதன் எச்சம். வளர்ந்து முடித்ததும் இலையின் ஓரத்துக்கு வந்து, விளிம்பை நூலால் இழுத்து மடித்து, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கும். பிறகு அரிசிக் குருணை அளவில், இறக்கை நுனியில் கறுப்புப் புள்ளியோடு ஒரு வெள்ளை அந்துப்பூச்சி வெளியே வரும். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாரம். முற்றிய இலை அதற்கு ஆகாது, தளிர்தான் வேண்டும்.

அரிவாளைத் திண்டில் வைத்துவிட்டு மும்தாஜின் கணவர் யூசுப் பாய் வந்தார். "மூணு வாட்டி கழிச்சு உட்டுட்டேம்மா. வெட்ட வெட்ட இன்னும் ஜாஸ்தியாதான் வருது."

"கோடு தெரிஞ்ச உடனே வெட்டுவீங்களா?"

"பின்ன? நோயாச்சே!"

"நானும் ஞாயித்துக்கெழமன்னா கறி கழுவுன தண்ணிய மொத்தமா இதுக்குதான் ஊத்தறேன். நல்லா தழையுது, ஆனா காய்க்க மாட்டேங்குது" என்றாள் மும்தாஜ்.

விஷயம் விளங்கிவிட்டது. வெட்டினால் தளிர்க்கும், கறித்தண்ணி ஊற்றினால் இன்னும் தளிர்க்கும். இருவருமாகச் சேர்ந்து அந்தப் பூச்சிக்கு வருஷம் முழுக்க விருந்து வைத்திருக்கிறார்கள். சொன்னேன். யூசுப் பாய் ஒரு தளிரைத் திருப்பிப் பார்த்தார். "கிறுக்கின எல இருந்தா மரத்துக்கு ஒண்ணும் ஆவாதா?"

"வளந்த மரம் தாங்கும். கிறுக்கின இலையும் மரத்துக்குச் சோறு போடும். விட்டுப் பாருங்க."

"சரி, ஆயுதபூஜ வரிக்கும் உடறேன்" என்று அரிவாளை உள்ளே கொண்டுபோனார்.

மும்தாஜ் மட்டும் ஒரு இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நாங்கள் இந்தக் கோடுகளை வைத்துப் பரீட்சை ஜோசியம் பார்ப்போம். கண்ணை மூடி ஒரு இலை பறிக்க வேண்டும். கோடு நடுவில் நின்றால் பாஸ், ஓரத்துக்குப் போய்விட்டால் ஃபெயில். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அவளுடைய இலையில் கோடு ஓரத்துக்குப் போயிருந்தது. நிஜமாகவே ஃபெயில் ஆனாள். அதோடு புத்தகத்தை மூடியவள், மறுபடி எழுதச் சொல்லி நான் எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. "எலையே சொல்லிடுச்சே" என்பாள்.

"ஏன்டி, ஓரத்துக்குப் போனாதான் றெக்க மொளைக்குமா?"

"ஆமா. நடுவுல நின்னுட்டா புழு பாதியில செத்துடுச்சுன்னு அர்த்தம்."

"அப்ப நாம தலகீழா படிச்சிக்கினு இருந்தோமா?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் தெருவிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மழை விட்டுத் தளிர் வரும் சமயம் பாருங்கள். பூச்சி பறப்பது விடிகாலையிலும் அந்தி மங்கும்போதும்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி போதும். இலையைப் பறிக்காதீர்கள். தொட்டிச் செடியாக இருந்தால், மருந்தை எடுக்குமுன் உரத்தையும் கத்தரிக்கோலையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். மதியம் பூந்தமல்லியில் தங்கினால் பிரியாணிக்கு வழியுண்டு. நான் மும்தாஜ் வீட்டில் சாப்பிட்டேன், அந்த விலாசம் தர மாட்டேன்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. எலுமிச்சை இலை ஒன்று, அதன் ஓர மடிப்பிலிருந்து காலிக்கூடு நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்: "பாஸ்."