சத்தம் குறைந்த விமானம்

கடைக்குச் சரக்கு வாங்க இன்று சூரிச்சிலிருந்து கொழும்புக்குப் புது விமானத்தில் வந்தேன். எண்ணெய் குறைவாகத்தான் குடிக்குமாம். கால் நீட்டவும் இடம் இருந்தது.

பக்கத்து இருக்கையில் சிவம். சுவிஸின் சோலோதுர்ன் நகரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவர். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறார்.

"அண்ணை, இறங்கின உடன என்னைப் பிடிப்பாங்களோ?"

கடையில் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்பவன் நான்.

"முதல்ல சாப்பிடும் சிவம்" என்றேன்.

போர்வையால் முகத்தை மூடி அழுதார். பழைய விமானமென்றால் இரைச்சலில் கேட்டிருக்காது. இதில் முன்வரிசை வரை கேட்டது.

பணிப்பெண் வந்து, "சத்தமே இல்லை, பார்த்தீர்களா?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டாள்.

தலையாட்டினேன்.

இறங்கியதும் அதிகாரிகள் அவரை மட்டும் தனியாக அழைத்துப்போனார்கள்.

சுவிஸில் பாடன் நகரிலுள்ள என் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி இதை அனுப்புகிறேன். அவருக்கு நான் என்ன சொல்லியிருக்கலாம்? தெரிந்தவர்கள் கீழே எழுதி வையுங்கள்.